நாற்பத்தொரு சதவீதம் தம்பி வீடு

லோகநாதனின் கழுத்து நாளத்தைக் கீறி எடுத்த அடைப்பு ஒரு சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. அதற்கு மருத்துவமனை கொடுத்த அறிக்கை நான்கு பக்கம்.

கரூரில் முப்பது வருடம் கொசுவலைத் தறி ஓட்டியவர் அவர். எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். ஆட்கள் உண்மையை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள் என்பது அவர் அனுபவம். கடைசிப் பக்கத்தில் ‘நெகிழி மூலம்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள் இருந்தன. சொந்தக் குடும்ப அட்டை: முப்பத்துநான்கு சதவீதம். கடைகள், பொது இடங்கள்: இருபத்தைந்து. வேற்று அட்டை ஒன்று: நாற்பத்தொன்று. அதன் பக்கத்தில் ஓர் எண்.

“இந்த நெம்பர் யாருதுங்க டாக்டர்?”

“அது எங்களுக்குத் தேவையில்லாத விஷயம் சார். எந்த வகைப் பிளாஸ்டிக், எவ்வளவு சேர்ந்திருக்கு, அதுதான் வைத்தியத்துக்கு வேணும். உங்களுக்கு டப்பா பிளாஸ்டிக்தான் அதிகம். சூடான குழம்பை ஊத்தினா டப்பா மஞ்சளாகுதில்ல? குழம்பு டப்பாவுக்குள்ள போகுதுன்னா டப்பாவும் குழம்புக்குள்ள போகுதுன்னுதான் அர்த்தம். இனிமே எவர்சில்வர்ல சாப்பிடுங்க.”

லோகநாதன் தலையாட்டினார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியில் அந்த எண்ணைத் தட்டினார்.

முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த சட்டம் அது. அமராவதியில் வெள்ளம் வடிந்தால் கரையோரச் சீமைக்கருவேல மரங்கள் இலை தெரியாமல் பைகளைப் பூத்து நிற்கும். யார் வீட்டுப் பை என்று கேட்டால் ஊரே கையை விரிக்கும். அந்தச் சமயத்தில்தான், நெகிழியின் நீண்ட சங்கிலியில் கண்ணிகளை ஒரு வரிசையில் கோத்தால் அதை எழுத்தைப் போலப் படிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். டப்பாவோ வாளியோ பால் பையோ, கடையில் வாங்கும்போதே அதன் வரிசை வாங்குகிறவரின் குடும்ப அட்டையில் ஏறிவிடும். உடைந்தாலும், தேய்ந்தாலும், கண்ணுக்குத் தெரியாத துகளானாலும் எழுத்து அழியாது. ஆற்றில் கிடப்பது யாருடையது என்று எவர் வேண்டுமானாலும் தளத்தில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஊர் பார்க்கிறது என்று தெரிந்தால் எவனும் ஒழுங்காக இருப்பான் என்று எண்ணினார்கள். ஆறு ஓரளவு சுத்தமானதும் உண்மைதான்.

ஆனால் துகள் ஆற்றோடு நிற்கவில்லை. மனிதர் ரத்தத்திலும் ஈரலிலும் இருந்தது. ஆஸ்பத்திரிகளும் அதைப் படிக்கத் தொடங்கிய பிறகு, யார் யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்பதும் காகிதத்துக்கு வந்துவிட்டது. ஒரு மாப்பிள்ளையின் ரத்தத்தில் ‘அந்தத் தெரு’ அட்டை ஒன்று இருந்ததைப் பார்த்துப் பெண் வீட்டார் தட்டை மாற்றாமலே எழுந்து போனார்கள். சைவ மடத்துச் சாமியார் ஒருவரின் ரத்தத்தில் மூன்று பிரியாணிக் கடைகள் அகப்பட்டன. ஜாதகம் பார்க்கிறவர்கள் இப்போது அறிக்கையும் பார்க்கிறார்கள்.

கைப்பேசித் திரையில் பெயர் வந்தது. குடும்பத் தலைவர்: பூபதி.

லோகநாதனுடைய தம்பி.

பதினான்கு வருடங்களாக அவர் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அம்மா வளர்மதி இறந்த பதினாறாம் நாள் காரியத்தில், பந்தல் பிரிக்கும் முன்பே பாகப் பேச்சு வந்தது. கிணற்றை ஒட்டிய தறிக்கூடம் யாருக்கு என்பதில் தொடங்கி, அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதில் வந்து முட்டியது. “ஒரே ஊட்டுல இருந்தாலும் நீ விருந்தாளி மாதிரித்தான் இருந்தே” என்றான் பூபதி, பங்காளிகள் முன்னால். “இனி உன்ற ஊட்டுல கை நனைச்சன்னா நான் எங்காத்தாளுக்குப் பொறந்தவனில்லை” என்றார் இவர். அந்தப் பக்கத்தில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். ஒரு வீட்டில் கை நனைத்தால் உறவு; நனைக்க மறுத்தால் பகை. மறுமாதமே சாலைக்கு அந்தப் பக்கம் தனி வீடு பார்த்துக்கொண்டு வந்தார். அதோடு சரி.

அப்படிப்பட்டவரின் கழுத்துக்குள் நாற்பத்தொரு சதவீதம் தம்பி வீடு.

கொண்டுவந்தது யார்?

வீட்டில் இருந்தது இரண்டே பேர்தான். அவரும் மனைவி கோகிலாவும். ஒரே மகள் தன்யா கட்டிக்கொடுத்துத் தாராபுரத்தில் இருந்தாள்.

* * *

தண்டபாணியிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சந்தேகம் வயிற்றில் இருந்தால் மனிதனுக்கு ஒரு தோழன் வேண்டியிருக்கிறது. தறிக்கு நெகிழிக் குருணை கொடுக்கும் வியாபாரி தண்டபாணி. லோகநாதனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அறிக்கையை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“ஏப்பா லோகு, இது சும்மா ஒரு வேளை ரெண்டு வேளை தின்னதில்ல. வருசக்கணக்கா ஊட்டியிருக்கறாங்க.”

“யாரு ஊட்டறது? நான் சாப்படறது என்ற ஊட்டுச் சோறு.”

“உன்ற ஊட்டுல வேகறதா, உன்ற ஊட்டுத் தட்டுல உழுகறதா? ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதல்லோ?”

லோகநாதன் அறிக்கைக்குக் கையை நீட்டினார். தண்டபாணி கொடுக்கவில்லை.

“அந்தக் காலத்துல இடுமருந்துன்னு சொல்லுவாங்க பாரு. பணியாரத்துல வெச்சுக் குடுத்துப்போட்டா ஆளு அவங்க சொல்பேச்சுக் கேட்டுட்டுத் திரிவான்னு. எங்கப்பாரு மருந்தெடுக்கப் போனப்ப, ஒருத்தன் அவரு வயித்துல குழாய வெச்சு ஊதி எடுத்தான். எடுத்தது பாத்தா என்னுமோ மயிரு உருண்டை. இது அதேதான்ப்பா. இப்ப மருந்துல நெம்பர் போட்டு வருது. அவ்வளவுதான்.”

“வாய மூடு தண்டபாணி.”

“மூடிக்கறேன். நான் யாரையும் சொல்லுல. கோகிலாவும் உன்ற தம்பி பொண்டாட்டியும் ஒரே ஊருப் புள்ளைங்க. அத மட்டும் சொன்னேன்.”

அது லோகநாதனுக்குத் தெரியாததில்லை. நித்யாவும் கோகிலாவும் காங்கயத்தில் அடுத்தடுத்த தெரு. ஆனால் தெரிந்த விஷயமே வேறொருவர் வாயிலிருந்து வரும்போது கண்டுபிடித்த விஷயம் போல ஆகிவிடுகிறது.

அன்றிலிருந்து அவர் சாப்பிடும்போது தட்டைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். ரசத்தில் பூண்டு நசுக்கியிருந்த விதம் வேறாகத் தெரிந்தது. “இது நீ வெச்சதா?” என்றார் ஒரு நாள். “பின்ன அங்காளம்மனா வந்து வெச்சுட்டுப் போனா?” என்றாள் கோகிலா. அவர் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனவள் எத்தனை நிமிடத்தில் திரும்பினாள் என்று பார்த்துக்கொண்டார். ஒரு வாரம் ஐம்பது நிமிடம். அடுத்த வாரம் ஒரு மணி பத்து.

ஒரு நாள் காலை அவள் துணி உலர்த்த மாடிக்குப் போனபோது, தறிக்கூடத்திலிருந்து வாசிப்பானை எடுத்துவந்தார். குருணை மூட்டையின் குறியைச் சரிபார்க்கிற கருவி. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாக அதைக் காட்டினார். பருப்பு டப்பா, மிளகாய்ப்பொடி டப்பா, மாவு வாளி, தண்ணீர்க் குடம். ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சொந்த அட்டை.

வேறொருவராக இருந்தால் அங்கேயே நெஞ்சு ஆறியிருக்கும். லோகநாதனுக்கு அதுவே சாட்சியாகப் பட்டது. ஒரு வீட்டில் ஒரு டப்பாகூட மாறி வராமல் இருக்குமா? பக்கத்து வீட்டுப் பலகாரம் வந்த டப்பா, கல்யாண வீட்டில் கொடுத்த டப்பா என்று பத்தாவது தேறாதா? துடைத்து வைத்திருக்கிறாள்.

“என்னுங்க தேடறீங்க?”

கோகிலா வெறும் வாளியோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாததுக்கா ஊறுகாய் டப்பா வரைக்கும் சுட்டுட்டு இருக்கறீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எண்ணையும், அதன் பக்கத்தில் அவர் பேனாவால் எழுதியிருந்த பெயரையும் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முகம் எங்கேயோ போய் வந்தது. லோகநாதன் அதைப் பிடித்துக்கொண்டார்.

“நாப்பத்தொண்ணா?” என்றாள் மெதுவாக. “அதெப்படி?”

“அதத்தான் நானும் கேக்கறேன். நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வந்து ஒரு ரத்தம் குடுத்துரு. தெரிஞ்சு போகும்.”

“என்ன தெரியோணும் உங்களுக்கு?”

“தெரிய வேண்டியது.”

“கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க, நான் சொல்றேன்.”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். மனுசன் வாய் ஆயிரஞ் சொல்லும். ரத்தம் பொய் சொல்லாது.”

கோகிலா காகிதத்தை மடித்து அடுப்பு மேடை மேல் வைத்தாள். மடித்த விதத்தில் ஒரு நிதானம் இருந்தது. அது அவரை இன்னும் எரிச்சலூட்டியது.

“இருபத்தொம்பது வருசம் உங்களோட இருந்திருக்கறேன். என்னையக் கேக்கறதுக்கு உங்களுக்கு ஒரு கேள்வி இல்லை. ஊசி வேணும்.” அவள் குரல் உயரவில்லை. “ரத்தம் குடுக்கறதுக்கு நான் ஆஸ்பத்திரிக்கா வாக்கப்பட்டேன்? தர மாட்டேனுங்க.”

“மடியில கனமில்லீனா வழியில என்ன பயம்?”

“பயமில்லைங்க. அசிங்கமா இருக்குது.”

மறுநாள் காலை பத்து மணிப் பேருந்தில் தாராபுரம் போய்விட்டாள். போகும்போது, மோட்டாரை நாற்பது நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும், இரவு மாத்திரை எந்த அட்டையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போனாள். வருவேன் என்று சொல்லவில்லை.

* * *

வீடு வெறிச்சிட்டதும் லோகநாதனின் கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பூபதி இருந்தான். அந்த நெகிழிச் சட்டத்தில் ‘பிறர் உடலில் நெகிழி சேர்த்தல்’ என்று ஒரு பிரிவு உண்டு. வழக்கறிஞர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “எப்ப சேர்ந்துச்சுன்னு காட்டணும்ணா. காலம் இல்லாம கோர்ட்ல நிக்காது. அடுக்குப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க” என்றார்.

ஈரோட்டில் அதைச் செய்கிற ஆய்வகம் ஒன்று இருந்தது. யாழினி என்ற இளம் பெண் பொறுப்பில் இருந்தாள். அடைப்பைப் போட்டு மருத்துவமனை கொடுத்தனுப்பிய கண்ணாடிச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“ரத்தம்னா காலம் சொல்ல முடியாது சார். சுத்திக்கிட்டே இருக்கும், பழசு கொஞ்சங்கொஞ்சமா வெளிய போயிரும். இது நாளத்துக்குள்ள அடுக்கடுக்காப் படிஞ்சது. முதல்ல வந்தது அடியில, கடைசியா வந்தது மேல. மரத்து வளையம் மாதிரி அவ்வளவு சுத்தமா இருக்காது. தோராயமாச் சொல்லலாம்.”

“எந்த வருசம் ஆரம்பிச்சாங்கன்னு தெரிஞ்சாப் போதும்.”

“யாரு சார்?”

“அது எங்க குடும்ப விசயம்மா.”

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டாள். அவர் போனபோது அவள் முன்னால் திரையில் வெட்டிய வெங்காயத்தைப் போல ஒரு படம் இருந்தது. அடிப்பக்கம் முழுக்க நீலம், மேல்பக்கம் முழுக்கப் பச்சை.

“பச்சை உங்க அட்டை சார். நீலம் நீங்க கேட்ட அட்டை. பாருங்க, நீலம் எல்லாமே அடியடுக்குலதான் இருக்கு. மேலடுக்குல ஒரு துகள்கூட இல்ல. பதிமூணு, பதினாலு வருசமா அந்த வீட்டுலருந்து உங்க உடம்புக்குள்ள ஒண்ணும் வரல.”

“அப்புறம் எப்படி நாப்பத்தொண்ணு?”

யாழினி இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். “அந்த எண்ணோட பழைய பதிவப் பாத்தேன். பொதுத் தளத்துல இப்ப இருக்கற தலைவர் பேரு மட்டும்தான் காட்டும். பதினாலு வருசத்துக்கு முன்னாடி இது வளர்மதிங்கறவங்க பேர்ல இருந்திருக்கு. ஏழு உறுப்பினர். ரெண்டாவது பேரு லோகநாதன்.”

அவர் திரையைப் பார்த்தார். அம்மா, அவர், பூபதி, கோகிலா, நித்யா, தன்யா, பூபதியின் மகன். ஒரே அட்டை. ஒரே உலை.

“தலைவர் இறந்ததும் பேரு மாறியிருக்கு சார், எண் மாறல. நீங்க பேர நீக்கிட்டுத் தனி அட்டை வாங்கியிருக்கீங்க. அதனால பழைய வீட்டுல எல்லாரும் சேந்து சாப்பிட்டதெல்லாம் இப்ப உங்க தம்பி கணக்குல நிக்குது.”

அட்டை பிரித்த நாள் அவருக்கு நினைவில்லை. நினைவிருக்க வழியுமில்லை. “அந்த மூஞ்சியப் பாத்துட்டு நான் கையெழுத்துப் போட வரமாட்டேன்” என்று வீறாப்பாக உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நான்கு தடவை தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தவள் கோகிலா.

“பதினாலு வருசம்மா,” என்றார். “இன்னமுமா கரையாம இருக்கும்?”

“கரையக் கூடாதுன்னுதானே சார் அதச் செஞ்சாங்க? சோத்துல வந்த மத்ததெல்லாம் எப்பவோ ரத்தமாகி, சதையாகிப் போயிருச்சு. டப்பா மட்டும் போகல.” அவள் தயங்கினாள். “இங்க தினமும் ரெண்டு பேராவது வர்றாங்க சார். புருசன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வருவாரு. மாமியா மருமகளக் கூட்டிட்டு வருவாங்க. எண்ணு மட்டும்தான் பாக்கறாங்க. அடுக்குப் பாக்கச் சொன்னா, செலவு எதுக்குன்னு போயிடறாங்க.”

“இத எழுதிக் குடுப்பியாம்மா? பதினாலு வருசமா ஒண்ணும் வரலைன்னு, முத்திரையோட.”

“கோர்ட்டுக்கா சார்?”

“இல்லை,” என்றார் லோகநாதன். “தாராபுரத்துக்கு.”

* * *

வழியெல்லாம் அவர் பேச வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனார். தப்பு என்மேல் என்று ஆரம்பிப்பதா, இந்தா படி என்று நீட்டுவதா? மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவருக்கு முத்திரை போட்ட காகிதம் பெரிய துணை. இருந்தாலும், சமையலறையில் அவள் முகம் எங்கேயோ போய் வந்த அந்த ஒரு கணம் நடுநடுவே எழுந்து வந்தது. காகிதத்தைத் தொட்டுப் பார்த்து அதை அடக்கினார்.

தன்யா வேலைக்குப் போயிருந்தாள். கோகிலா கூடத்தில் முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். “வாங்க” என்றாள். தண்ணீர் கொடுத்தாள், எவர்சில்வர் சொம்பில். அவர் காகிதத்தை நீட்டினார். கண்ணாடி எட்டாத இடத்தில் இருந்ததால் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“இது பழைய ஊட்டுச் சோறா?” என்றாள். “அத்தை இருந்தப்ப தின்னதா?”

“ஆமா.”

“அப்ப நான் ஒண்ணும் கொண்டாந்து போடுல.”

“அதான் போட்டிருக்குதே. ஒரு துகள்கூட இல்லைன்னு, முத்திரையோட.” அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “எந்திரி. வண்டியிலயே போயிரலாம்.”

கோகிலா எழவில்லை. காகிதத்தை முறத்துக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு மொச்சையை எடுத்து உரித்தாள். பருப்பை ஒரு பக்கமும் தொலியை ஒரு பக்கமும் போட்டாள்.

“நான் அங்க போறேனுங்க,” என்றாள்.

“எங்க?”

“உங்க தம்பி ஊட்டுக்கு. அத்தை திதியன்னைக்கு, வருசா வருசம். மொத ரெண்டு வருசம் போகுல. அப்புறம் மனசு கேக்குல. கடைசில மூணு நாள் என்ற கையத்தான் புடிச்சுட்டுக் கெடந்தாங்க. போனா உக்கார வெச்சுச் சோறு போடுவாங்க. சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்.”

லோகநாதன் முறத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தின் முனையைப் பார்த்தார்.

“இதுல அது வராதுங்க. உங்குளுக்கு நான் ஒரு பருக்கை கொண்டாந்ததில்லை. என்ற ரத்தத்துலயும் வராது. அங்க அன்னைக்கு வாழையிலைலதான் போடறாங்க, தண்ணி பித்தளைச் சொம்புல. நீங்க ஊசி போட்டுப் பாத்திருந்தாலும் நான் யோக்கியமாத்தான் வந்திருப்பேன்.”

“அப்ப ரத்தம் குடுத்திருக்கலாமல்ல? தப்பிச்சிருப்பே.”

“நான் தப்பிக்கறதுக்கு நிக்குலீங்க. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். அன்னைக்கே, அந்த அடுப்படியிலயே. நீங்க கேக்குல.”

வெளியே யாரோ பால்காரரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் முன்னும் பின்னுமாக அசைந்தார். கோபம் வர வேண்டிய இடம் இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருடம். பன்னிரண்டு முறை. சந்தேகப்பட்டது சரிதான் என்று தண்டபாணியிடம் போய்ச் சொல்லலாம். ஆனால் இதை அவளைத் தவிர வேறு யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது.

“யாரு யாரு உக்காருவீங்க?” என்று கேட்டார். அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

“நித்யா, அவளோட மகன், மருமக, நானு. உங்க தம்பி பரிமாறுவாரு. அவருதான் கடைசியா உக்காருவாரு.” ஒரு மொச்சை வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்து முறத்தில் போட்டாள். “அவரு எலைக்குப் பக்கத்துல இன்னொரு எலை போட்டுத் தண்ணி தெளிச்சு வெப்பாங்க. சோறு, பருப்பு, ஒப்பிட்டு, எல்லாம் வெப்பாங்க. யாரும் உக்கார மாட்டாங்க.”

“அம்மாவுக்கு வெக்கறதா இருக்கும்,” என்றார் லோகநாதன் அவசரமாக.

கோகிலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“அத்தைக்குப் படையல் உள்ள, படத்துக்கு முன்னாடி, தனியாப் போட்டுருவாங்க.”